ரத்தினம் கேட்ட கரகரப்பு

வடக்குப்பட்டு ரத்தினத்துக்கு இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், பொருள் தெரியாது. ஆனாலும் எழுபதுகளின் பிற்பாதியில் சீமையில் பேரெடுத்த ராக், பாப் இசைத்தட்டுகள் எத்தனையோ அவன் காது வழியாகத்தான் கடைக்குப் போயின. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, இரண்டு பக்கமும், ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டான். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

பென்னலூர் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டி அந்தத் தட்டுக் கம்பெனி இருந்தது. வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு உரிமை வாங்கிய பம்பாய்க்காரர்கள் அச்சுகளை இங்கே அனுப்புவார்கள். இங்கே கறுப்புப் பிளாஸ்டிக்கை உருக்கி, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து நீராவியில் அழுத்தி, தண்ணீரில் ஆறவைத்து, தட்டாக எடுத்து, உறை போட்டுப் பெட்டி கட்டுவார்கள். சுற்றிலும் ஏரிப் பாசன நிலம். கம்பெனியில் நீராவி திறந்துவிடும்போதெல்லாம் நாற்றங்காலில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறக்கும்.

ரத்தினத்தை அங்கே சேர்த்துவிட்டவன் அவன் மச்சான் அப்பாவு, பெண்டாட்டி லூர்தம்மாளுடைய அண்ணன். அப்பாவு மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஆள். ரத்தினம் அதற்கு முன்னால் படப்பையில் ஒருவரிடம் மைக் செட்டு வேலை பார்த்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஸ்பீக்கர் குழாய் கட்டப் பனைமரம் ஏறுவான். கீழே இறங்கித் தட்டுப் போடுவான். ஊசி முனை தேய்ந்தால் பாட்டு கெடுவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். இதைச் சொல்லித்தான் அப்பாவு சூப்பர்வைசரிடம் கேட்டான். "எம் மாப்பிள்ளைக்கு பாம்புக் காது சார். நீங்க வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார்கள். டெஸ்ட் ரூம் அவனுக்குக் கிடைத்தது. சுவரெல்லாம் கோணிச் சாக்கு அடித்த சின்ன அறை. ஒரு பிளேயர், காதில் மாட்ட ஒரு ஹெட்போன், காலடியில் இரண்டு கூடைகள். ஒவ்வொரு பிரஸ்ஸிலிருந்தும் வரும் அடுக்கில் ஒரு தட்டை உருவி எடுத்துக் கேட்பான். சுத்தமாக இருந்தால் அது பச்சைக் கூடைக்குப் போகும். அந்த அடுக்கு முழுதும் உறை போடப் போகும். சத்தம் இருந்தால் சிவப்புக் கூடை. அந்த அடுக்கும் கழிவு. சிவப்புக்குப் போனதை வைத்திருக்கக் கூடாது, எவனாவது கடத்திப் போய் மூர்மார்க்கெட்டில் விற்றுவிடுவான் என்று ஷிப்டு முடிவதற்குள் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் கடப்பாறை முனையால் குத்தி, அரவை மிஷினில் போட்டுவிடுவார்கள். சிவப்பு என்றால் சிவப்புதான். திரும்ப வராது.

இங்கிலீஷ் தட்டுகளுக்கு அங்கே யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். உறையில் இருக்கிற படம்தான் பெயர். பெரிய பெரிய மூக்குக் கண்ணாடி போட்டவன் தட்டு, தாடிக்காரர்கள் தட்டு, ஓட்டல் தட்டு. இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களுமாகப் பாடுகிற அபா குழுவின் தட்டு வந்தபோது ரத்தினம் 'அப்பா' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மச்சான், வெள்ளக்காரன் ஒம் பேர்ல பாதிய எடுத்துக்கினான்" என்றான்.

"மீதிய எம் பெண்டாட்டி எடுத்துக்கினா. எனக்கு இன்னா கீது?" என்றான் அப்பாவு.

இன்னொரு தட்டின் உறையில் நாலு புகைபோக்கி வைத்த பெரிய தொழிற்சாலை. அதற்கு மேலே ஆகாயத்தில் ஒரு பன்றி பறந்துகொண்டிருந்தது. அப்பாவு அதை உறை போடுகிற பெண்களிடம் எடுத்துப் போய்க் காட்டினான். "இது நம்ம கம்பெனி. மேல போறது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது." பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் நரசிம்மனின் உடம்புவாகு அப்படி.

சிரிப்பெல்லாம் இருந்தது. ஆனால் ரத்தினம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் டெம்பரவரி. சில மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள்; வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிடாமலும் விடுவார்கள். பெர்மனன்ட் ஆனால் யாரும் நிறுத்த முடியாது. மழைக்காலத்தில் பனை ஏறப் போகவேண்டாம். படுத்தால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. இரவில் லூர்தம்மாள் வயிற்றில் கைவைத்துக்கொண்டு கேட்பாள், "இது பொறக்கறதுக்குள்ளயாச்சும் ஆயிடுமா?" ஒரு பிள்ளை பிறந்து, இரண்டாவதும் பிறந்தது. ஆகவில்லை.

எழுபத்தாறில் லண்டன் குழு ஒன்றின் தட்டு வந்தது. ரத்தினம் முதல் பக்கம் கேட்டான், சுத்தம். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் கரகரப்பு ஆரம்பித்தது. யாரோ டிரான்சிஸ்டரில் ஸ்டேஷன் திருப்புகிற மாதிரி இரைச்சல். நடுவில் எவனோ பேசுகிறான். அப்புறம் ஒரு கித்தார், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒல்லியாக. ரத்தினம் முள்ளைத் தூக்கித் துடைத்து வைத்தான். அதே கரகரப்பு. வேறு தட்டு எடுத்தான். அதிலும் அதே இடத்தில் அதுவே. அச்சிலேயே கோளாறு என்று முடிவு செய்தான். மைக் செட்டில் இருந்தவரைக்கும் அவன் படித்த பாடம் ஒன்றுதான்: கரகரப்பு என்றால் குற்றம். வேண்டுமென்றே ஒருவன் பாட்டுக்குள் கரகரப்பைப் போட்டு விற்பான் என்று அவனுக்கு மட்டுமல்ல, அந்த ஜில்லாவில் யாருக்கும் தோன்றியிருக்காது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவரும் கேட்டுவிட்டு, "ஆமாம்பா, ரேடியோ பூந்துட்ட மாதிரி கீது" என்று தலையாட்டினார். மூன்று பிரஸ்ஸிலும் அன்றைக்கு ஓட்டிய அத்தனையும் சிவப்புக்குப் போனது. ஷிப்டு முடிவதற்குள் குத்தி, அரைத்தும் விட்டார்கள்.

மறுநாள் உரிமை வாங்கிய பம்பாய்க் கம்பெனியின் ஆள் வந்தார். நரசிம்மனோடு டெஸ்ட் ரூமுக்கே வந்து, அரவைக்குப் போகாமல் பிளேயரில் தங்கிவிட்ட ஒரு தட்டைப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அது பாட்டாம். அந்தக் கரகரப்பை அந்தக் குழுவே திட்டம் போட்டுச் செய்து வைத்திருக்கிறதாம். உலகம் முழுக்க அந்த இடத்தைத்தான் கொண்டாடுகிறார்களாம்.

பம்பாய்க்காரர் சிரித்தது நரசிம்மனுக்குத் தாங்கவில்லை. அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். சூப்பர்வைசர் அதற்குள் தலைமறைவு.

"இங்கிலீஷ் தெரியுமாடா உனக்கு?"

"தெரியாது சார்."

"சங்கீதம்?"

"தெரியாது சார்."

"அப்புறம் எதைக் கேட்டுத் தள்ளினே? உன்னைப் பாட்டு கேக்கச் சொன்னேனா? தட்டு வளைஞ்சிருக்கா, நடு ஓட்டை சரியா இருக்கா, முள்ளு துள்ளுதா, அதைப் பாரு. உள்ள என்ன சத்தம் இருந்தாலும் அது பாட்டு. உனக்குச் சம்பந்தம் கிடையாது. இன்னொரு தடவை சத்தம்னு சொல்லிட்டு எங்கிட்ட வந்தே, அன்னிக்கே படப்பைக்குப் போயி மரம் ஏற வேண்டியதுதான்."

அன்றிலிருந்து அவன் பெயர் 'கரகர ரத்தினம்'. கேன்டீனில் டீ கிளாஸை வைத்தால் எவனாவது தொண்டையைச் செருமுவான். "கேட்டியா ரத்தினம்? சிவப்பா, பச்சையா?" அப்பாவு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவன் ஒருவனை வெளியில் சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்துச் சட்டையைக் கிழித்தான். அந்த வருஷம் பெர்மனன்ட் ஆனவர்களில் ரத்தினம் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை.

எழுபத்தெட்டில் டிஸ்கோ வந்தது. பட்டணத்தில் ஓட்டலுக்கு ஓட்டல் அந்தப் பாட்டுதான் என்றார்கள். ஐரோப்பாக் குழு ஒன்றின் புதுத் தட்டு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைக்கு வந்தாகவேண்டும் என்று பம்பாயிலிருந்து தந்தி மேல் தந்தி. அச்சு ஒரு ஜோடிதான் வந்திருந்தது. அதை அப்பாவுவின் மூன்றாம் நம்பரில் மாட்டினார்கள். அப்பாவு வீட்டுக்கே போகாமல் ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்தான்.

அப்படியும் வேகம் பற்றவில்லை. நரசிம்மன் பிரஸ் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டு, நீராவி நேரத்தைக் குறைக்கச் சொன்னார்.

"கொறச்சா வேவாது சார்" என்றான் அப்பாவு. "ஆப்பச் சட்டியில மாவு ஓரத்துக்கு ஓடறதுக்குள்ள எடுத்துட்ட மாதிரி ஆயிடும். தட்டுல பாட்டுக் கோடு ரொம்பாது."

"நீ கோட்டைப் பாத்தியா? சொன்னதைச் செய்."

அப்பாவு செய்தான். தட்டுகள் மளமளவென்று இறங்கின. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளத்தன.

ரத்தினம் முதல் அடுக்கில் ஒன்றை உருவிப் போட்டான். டம் டம் என்று அடிக்கிற பாட்டு. பெண்கள் சேர்ந்து பாடினார்கள். நடுவில் மேளம் நின்று, ஒரே ஒரு குரல் மெதுவாக இழுக்கிற இடம் வந்தது. அங்கே அது கேட்டது. கோணிச்சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு 'சர்ர்'. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை.

இது பாட்டு இல்லை என்று அவனுக்கு உடனே தெரிந்தது. பாட்டில் வைத்த சத்தம் பாட்டோடு போகும். இது தட்டோடு சுற்றுகிறது. பிளாஸ்டிக் வேகவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். பிரஸ் வரிசைக்கு நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நரசிம்மன் நின்றார்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். வாசலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் எழுந்திருக்கும்போதே கேன்டீன் செருமல் காதில் விழுந்தது. பம்பாய்க்காரரின் சிரிப்பு விழுந்தது. இந்த முறை பெர்மனன்ட்டுக்கு அவன் பெயர் போயிருக்கிறது என்று சூப்பர்வைசர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். பயம் பாதி. மீதி வீம்பு. உள்ளே என்ன சத்தம் இருந்தாலும் பாட்டு என்று நீதானே சொன்னாய், உன் தட்டு, உன் பாட்டு, வைத்துக்கொள். அப்படி மனசுக்குள் நரசிம்மனிடம் பேசிக்கொண்டே அவன் தட்டைப் பச்சைக் கூடையில் வைத்தான். அடுத்த அடுக்கு வந்தது. அதையும் பச்சையில் வைத்தான். அந்தத் தட்டை அழுத்துகிறவன் நரசிம்மன் இல்லை, அப்பாவு என்பது அந்த நேரத்தில் அவன் நினைப்பிலேயே இல்லை.

தட்டு கிறிஸ்துமஸுக்குக் கடைக்குப் போனது. பொங்கல் முடிவதற்குள் கரகரக்கிறது என்று திரும்பி வந்தது. மெட்ராஸ், பெங்களூர், பம்பாய் என்று எல்லா ஊரிலிருந்தும் பெட்டி பெட்டியாக லாரியில் வந்து இறங்கியது. உறை போடுகிற பெண்கள் தாங்களே போட்ட உறையை உட்கார்ந்து உருவினார்கள்.

விசாரணை நரசிம்மன் அறையில் நடந்தது. பம்பாய் ஆள் நாற்காலியில் இருந்தார். அப்பாவு மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றான். ரத்தினத்தை அப்புறம் கூப்பிட்டார்கள்.

"நேரத்தக் கொறக்கச் சொன்னது இவருதான் சார்" என்று அப்பாவு பம்பாய்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "வேவாதுன்னு நான் சொன்னேன்."

நரசிம்மன் அவனைப் பார்க்கவே இல்லை. "நான் அப்படிச் சொல்லியிருந்தா மொத தட்டிலேர்ந்தே கெட்டிருக்கணும். டெஸ்ட் ரூம்ல ஆள் இருக்கான், அவனைக் கேப்போம். ஏம்பா ரத்தினம், நீ கேட்ட தட்டுல சத்தம் இருந்துதா?"

ரத்தினத்துக்கு நன்றாகப் புரிந்தது. இருந்தது என்றால், ஏன் பச்சையில் வைத்தாய் என்பார்கள். நீங்கள்தானே சத்தம் என்று வராதே என்றீர்கள் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். சொன்னால் வெளியே போவது அவன். இல்லை என்றால், அவன் கேட்ட தட்டு நல்ல தட்டு, கேட்காத தட்டையெல்லாம் அப்பாவு அசட்டையாக அழுத்திவிட்டான் என்று ஆகும்.

அப்பாவு அவனைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் பயமே இல்லை. மாப்பிள்ளை வந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்கிற முகம்.

"இல்ல சார்" என்றான் ரத்தினம். "நான் கேட்டதெல்லாம் சுத்தமா இருந்திச்சு."

அப்பாவுவை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் அவன் காத்துக்கொண்டிருந்தான். கத்துவான், அடிப்பான் என்று ரத்தினம் நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மாப்ளே. ஒனக்கு நெசமாவே கேக்கல?"

"கேக்கல மச்சான்."

"சரி." அப்பாவு சைக்கிளைத் தள்ளினான். "பாம்புக் காதுன்னு நான்தான சொல்லிச் சேத்தேன். தப்பு எம்மேலதான்."

ஒரகடம் ரோட்டில் இருவரும் தினமும் சேர்ந்துதான் வருவார்கள். அன்றைக்கு ரத்தினம், அப்பாவுவின் சைக்கிள் கண்ணுக்கு மறைகிறவரை நின்றுவிட்டு ஏறினான்.

வீட்டுக்குச் சேதி முந்தியே வந்துவிட்டது. லூர்தம்மாள் சோறு போட்டாள். அவன் முதல் உருண்டையைப் பிசைந்ததும் கேட்டாள்.

"எங்கண்ணன் பொய் சொல்ற ஆளா, நீ பொய் சொல்ற ஆளா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு. தெரிஞ்சிக்கினு குடும்பம் பண்றேன்."

"நான் சொல்லியிருந்தா ரெண்டு பேருக்குமே வேல பூட்டிருக்கும். அத யோசிச்சியா?"

"பூட்டிருந்தா இன்னா? ரெண்டு பேரும் ஒண்ணா குந்திக் கூழு குடிச்சிருப்பீங்க. இப்ப நீ மட்டும் சோறு துன்னு."

சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் சம்பளத்தில் பொங்கிப் போட்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அண்ணன் குடும்பத்தோடு பாய் போட்டு உட்கார்ந்தாள். ரத்தினம் ஆண்கள் பக்கத்தில் கடைசியில் நின்றான்.

அந்த வருஷம் அவன் பெர்மனன்ட் ஆனான். காக்கி யூனிபாரம் இரண்டு ஜோடி கொடுத்தார்கள். அப்பாவு தாம்பரம் பக்கம் கல் குவாரிக்குப் போனான். அங்கே கல் சிதறி அவனுடைய வலது கண்ணில் பூ விழுந்தது. கல்லுக்கு முன்னால் அவன் நின்ற இடம் சரியில்லை என்று மேஸ்திரி சொன்னாராம்.

டெஸ்ட் ரூமில் இப்போது தொந்தரவில்லை. நரசிம்மன் அவனை 'ரத்தினம்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டிஸ்கோ தட்டுகள் வந்தன, போனி எம் குழுவின் தட்டு வந்தது, இன்னும் என்னென்னவோ வந்தது. அவன் முள்ளை வைப்பான். பாட்டில் எங்கே மேளம் நிற்கிறதோ அங்கே ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடிப்பான். சத்தம் இல்லாத தட்டிலும் 'சர்ர்' கேட்கிற மாதிரி இருக்கும். தள்ளவும் பயம், விடவும் பயம். இரண்டு, மூன்று தடவை போட்டுக் கேட்டுவிட்டுப் பச்சையில் வைப்பான்.

எண்பதில் ஒருநாள் காலையில் அப்பாவு வாசலில் வந்து நின்றான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அன்றைக்கும் ஏறவில்லை, வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒறை போடற எடத்துல பொண்ணுங்கள எடுக்கறாங்களாம். பெர்மனன்ட் ஆளு சொன்னா சொந்தக்காரங்களுக்குக் கெடைக்குமாம். நம்ம ரெஜினா எட்டாவது படிச்சிக்கீது. எங்கண்ணு இப்பிடி ஆயிட்டப்புறம் வூட்ல கஷ்டம்தான். ஒரு வார்த்த கேட்டுப் பாரு."

"கேக்கறேன் மச்சான். இன்னிக்கே கேக்கறேன்" என்றான் ரத்தினம். அப்பாவு தன்னிடம் ஒன்று கேட்டுவிட்டான் என்பதே போதும் போலிருந்தது. அன்றைக்கு அவன் சைக்கிள் மிதித்த வேகத்தில் செயின் இரண்டு தடவை கழன்றது.

நரசிம்மன் நல்ல முகமாகத்தான் இருந்தார். "உன் சொந்தமா? தாராளமாச் சேத்துக்கலாம். யார் பொண்ணு?"

"எம் பெண்டாட்டியோட அண்ணன் பொண்ணு சார். அப்பாவு."

"மூணாம் நம்பர் அப்பாவுவா?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவன் வீட்டு ஆள் வேண்டாம். வேலையைக் கெடுத்துட்டுப் பழியை என் தலையில் போடப் பார்த்தவன்."

"அவன் கெடுக்கல சார்."

"நீதானே சொன்னே? பம்பாய் ஆள் எதிரில, சுத்தமா இருந்துதுன்னு நீதானே சொன்னே?"

இத்தனை நாள் கழித்து ரத்தினத்துக்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "எனக்கு அன்னிக்கே கேட்டுது சார்."

நரசிம்மன் சத்தம் போடவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்படியா? கேட்டும் பச்சையில் வச்சியா? அப்படின்னா நான் இப்போ அனுப்ப வேண்டியது உன்னைத்தான். பெர்மனன்ட்டா இருந்தாலும் அதுக்கு வழி உண்டு. யோசிச்சுச் சொல்லு. கேட்டுதா, கேக்கலியா?"

வெளியே பிரஸ்கள் நீராவியைத் திறந்துவிட்டன. அவன் பதில் சொல்ல அந்த இரைச்சல் அடங்கவேண்டியிருந்தது. அடங்கியது.

"கேக்கல சார்."

"போய் வேலையைப் பாரு."

சாயங்காலம் அவன் நேரே அப்பாவு வீட்டுக்குப் போனான். அப்பாவு வாசலில் குந்தி, பார்வை போன கண்ணில் ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

"இப்ப ஆளு எடுக்கலியாம் மச்சான். அடுத்த தடவ பாக்கலான்னாரு."

அப்பாவு துண்டைத் தோளில் போட்டான். "பென்னலூர் பொண்ணுங்க ரெண்டு இன்னிக்கு ஒறை போட சேந்துச்சாம். மத்தியானமே சேதி வந்துட்ச்சு" என்றான். குரலில் கோபம் இல்லை. பிறகு உள்பக்கம் திரும்பி, "ரெஜினா, ஒங்க மாமா வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கினு வந்துகீறாரு. தண்ணி கொண்டா" என்றான்.

ரெஜினா சொம்பைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். ரத்தினம் வாங்கிக் குடித்தான். அவன் குடித்து முடிக்கிறவரைக்கும் இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.